அரசப்பன் டீ குடித்த பீக்கர்

செங்கல்பட்டு மாவட்டம், பொன்னேரி வட்டம், கும்மிடிப்பூண்டியில் உள்ள பல்கலைக்கழகத் தொழில் வேதியியல் துறைக் கிளையில் விரிவுரையாளர் அரசப்பன் இறந்தது பற்றிய விசாரணையில், பொன்னேரி தாசில்தார் அவர்கள் முன்பு 1978ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் தேதி கொடுக்கப்பட்ட வாக்குமூலம்.

என் பெயர் கனகாம்பாள். தகப்பனார் பெயர் ரங்கசாமி. வயது முப்பத்து நான்கு. மேற்படி துறையில் விரிவுரையாளராக இருக்கிறேன். சொந்த ஊர் திருவள்ளூருக்கு மேற்கே உள்ள கிராமம். அங்கே என் தகப்பனாருக்கு நஞ்சை நிலம் உண்டு. தற்சமயம் பொன்னேரியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் தனியாக இருந்து தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். திருமணம் ஆகவில்லை.

என்னை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. துறையில் உள்ள மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதில் நான் கையெழுத்துப் போடவில்லை. அரசப்பன் குடும்பக் கஷ்டத்தால் மனம் உடைந்து துறையில் இருந்த சயனைடை எடுத்துச் சாப்பிட்டுவிட்டார் என்று அதில் எழுதியிருக்கிறது. அது உண்மை இல்லை என்பதால் நானாகவே வந்து, என்னையும் விசாரியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

தொழிற்பேட்டை வருகிறது என்று பேச்சு எழுந்தபோது எங்கள் துறை தொடங்கப்பட்டது. பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து முலாம் பூசும் தொட்டிகளின் சயனைடு கலந்த திரவத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நாங்கள் சோதித்துச் சொல்வோம். மாணவர்களுக்கும் அதே பாடம்தான். ஆகவே சயனைடு எங்களுக்கு அன்றாடம் புழங்கும் பொருள். அதை எடை போட்டுக் கரைக்கும் வேலையை ஆய்வுக்கூடத்தின் கோடியில் உள்ள ஜன்னல் மேடையில்தான் செய்வோம். அங்கேதான் காற்று நன்றாக வரும்.

அந்த ஜன்னலை ஒட்டினாற்போல் ஆசிரியர்கள் அறை. அங்கே எங்களுக்கு ஒரு டீ கிளப் உண்டு. சுவரில் ஒரு பலகை, பலகையில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் ஒருவருடைய கோப்பை தொங்கும். துறைத்தலைவர் செங்கல்வராயன் அவர்களுக்குச் சர்க்கரை வியாதி. அதனால் கடையிலிருந்து சர்க்கரை போடாத டீயை அட்டெண்டர் சின்னராசு கெட்டிலில் வாங்கி வருவார். கடைக்குப் போவதற்கு முன்பே கோப்பைகளை இறக்கி வைத்து, தலைவருடையது தவிர மற்றவற்றில் ஒவ்வொரு கரண்டி சர்க்கரை போட்டு வைத்துவிடுவார். வந்ததும் டீயை ஊற்றிக் கையில் கொடுப்பார். சர்க்கரை முதலில், டீ பிறகு என்பது நான் சேர்ந்த நாளிலிருந்து இருக்கும் வழக்கம்.

நான் சேர்ந்தபோது துறையில் பெண் யாரும் இல்லை. எனக்கு ஆணி கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அடிக்கவும் இல்லை. பொம்பளைப்பிள்ளை அவங்க இடத்திலேயே குடிச்சிக்கட்டுமே என்று ஒருவர் சொன்னதை நான் கேட்டேன். மறுநாள் ஆய்வுக்கூடத்துச் சுத்தியலை எடுத்துவந்து நானே ஒரு ஆணி அடித்து என் கோப்பையை மாட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், அத்தோடு சரி. என் தகப்பனார் யார், எங்கள் குடும்பம் எந்த வகுப்பு என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதால்தான் சிரிப்போடு போயிற்று என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அதன் பிறகு அரசப்பன் வந்து சேர்ந்தார். அவர் பள்ளிப்பட்டுப் பக்கத்தைச் சேர்ந்தவர், ஆதிதிராவிடர் வகுப்பு, முதல் வகுப்பில் தேறியவர். அவரைத் துறைத்தலைவர் வாசல் வரை வந்து கைகுலுக்கி அழைத்துப் போனார். அன்றைய கூட்டத்தில், நம் துறையில் எந்தப் பேதமும் கிடையாது, எல்லோரும் ஒரு குடும்பம் என்று பேசினார். செங்கல்வராயன் கெட்டவர் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. அவர் அதை மனதார நம்பித்தான் பேசினார். சென்னையிலிருந்து பார்வையிடும் குழு வரும்போதெல்லாம் அரசப்பனைத் தேடிப்பிடித்துப் புகைப்படத்தில் முன்வரிசையில் உட்கார வைப்பார். புகைப்படம் எடுத்து முடிந்ததும் டீ வரும். அப்போது அரசப்பன் உட்கார நாற்காலி இருக்காது.

அவருக்கும் ஆணி அடிக்கவில்லை. முதல் நாள் சின்னராசு கெட்டிலோடு வந்து எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, அரசப்பன் முன்னால் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அரசப்பன் எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் புதுப் பீக்கர் ஒன்றைக் கழுவி எடுத்து வந்து நீட்டினார். அதில் சின்னராசு டீயை ஊற்றினார். பீக்கரில் டீ குடிப்பது எங்கள் தொழிலில் புதிதல்ல, மாணவர்களாக இருந்தபோது நாங்கள் எல்லோருமே திருட்டுத்தனமாகக் குடித்தவர்கள்தான். அதனால் அறையில் இருந்தவர்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு நிம்மதி அடைந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பீக்கர் ஜன்னல் மேடையின் ஓரத்தில் நிலையாக இருந்தது. வேறு யாரும் சோதனைக்கு எடுத்துவிடக் கூடாது என்று அரசப்பன் அதன் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார். பலகையிலிருந்து கோப்பைகளை இறக்கும்போது சின்னராசு ஜன்னல் பக்கம் வந்து, எட்ட நின்று, அந்தப் பீக்கரிலும் ஒரு கரண்டி சர்க்கரையைப் போடுவார். திரும்பி வந்து உயரே பிடித்தபடி டீயை ஊற்றுவார். கோப்பைகளைக் கையில் எடுப்பார், பீக்கரை எடுக்க மாட்டார். யாரும் அவரிடம் எடுக்காதே என்று சொன்னதில்லை. இந்த வாக்குமூலத்தை எழுதுபவர் இந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, இது வழக்குக்கு வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்று சொன்னேன்.

நான் சும்மா இருக்கவில்லை. பொன்னேரிச் சந்தையில் ஒரு கோப்பை வாங்கி, என் ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்து மாட்டினேன். அன்றைக்கு டீ வந்தபோது விரிவுரையாளர் ஜெயராஜ் முதலான இரண்டு மூன்று பேர் தலைவலி, வயிறு சரியில்லை என்று எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் பார்த்தால் கோப்பை கீழே விழுந்து உடைந்து கிடந்தது, ஆணியையும் காணவில்லை. விழுகிற கோப்பை ஆணியைப் பிடுங்கிக்கொண்டா விழும் என்று கத்தினேன். துறைத்தலைவர் என்னைத் தனியே அழைத்து, இதெல்லாம் மெதுவாகத்தான் ஆகவேண்டும், நீ அவசரப்படுத்தி அவருக்குத்தான் சங்கடம் உண்டாக்குகிறாய் என்றார். துறைக் கூட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே மாதிரிக் கோப்பைகள் வாங்குவோம் என்று நான் பேசினேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தடுத்த கூட்டங்களிலும் அதையே சொன்னார்கள்.

இன்னொரு கோப்பை வாங்கப்போகிறேன் என்று அரசப்பனிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“நீங்க வாங்கியாந்து மாட்டுனா அது நீங்க குடுத்த கப்பு மேடம். அவங்களா ஒரு ஆணி அடிக்கட்டும். அதுவரிக்கும் பீக்கர்லயே குடிச்சிக்கினு இருக்கேன். பாத்துக்கினே இருக்கட்டும்.”

அவருக்கு மன வருத்தம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பீக்கரை அவர் ஒளித்துக் குடிக்கவில்லை. ஜன்னல் மேடையிலிருந்து எடுத்துக்கொண்டு ஆசிரியர்கள் அறை வாசலுக்கு வந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றுகொண்டு குடிப்பார். உட்கார்ந்தவர்கள் ஊதி ஊதிக் குடிப்பார்கள். அவர் நின்றபடி இரண்டே மடக்கில் குடித்துவிட்டு வகுப்புக்குப் போவார். சாக நினைக்கிறவர் அப்படி வீம்பாக நிற்கமாட்டார்.

இம்மாதம் வருடாந்திரச் சரக்குச் சரிபார்ப்பு நடந்தது. துறையில் உள்ள கண்ணாடிச் சாமான்களை எல்லாம் எடுத்து அடுக்கி எண்ணுவது வழக்கம். அப்போது ஜன்னல் மேடையில் இருந்த பீக்கரைப் பார்த்துவிட்டு, துறைப் பொருள் துறைக்கே இருக்கவேண்டும், சொந்த உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது என்று துறைத்தலைவர் சொன்னார். அவர் சொன்னதை நான் நேரில் கேட்டேன். ஜெயராஜ் அதை ஒரு துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் மற்றப் பீக்கர்களோடு தட்டில் கவிழ்த்தார். அரசப்பன் அன்று விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். மறுநாள் அவர் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் இருந்தேன். ஆனால் மறுநாள் அவர் நேராக வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்று காலை ஆராய்ச்சி மாணவன் வரதன் ஒரு தொழிற்சாலைக்காகக் கரைசல் தயாரிக்க வேண்டியிருந்தது. அவன் எங்களிடம் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. சிவப்புப் பொட்டு யாருடையது என்பது அவனுக்குத் தெரியாது. தட்டிலிருந்து கைக்கு வந்த ஒரு பீக்கரை எடுத்து, அதில் சயனைடை எடை போட்டு, வழக்கப்படி ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்திருந்ததால் கொண்டுவரப் பின்கட்டுக்குப் போனான். இது அவன் என்னிடம் சொன்னது. அவன் தண்ணீர்க் குடுவையோடு திரும்பி வந்ததை நான் பார்த்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவன் போயிருந்த நேரத்தில் சின்னராசு கெட்டிலோடு வந்தார். கடைக்குப் போகும் முன் சர்க்கரை போட அவர் கிளம்பியபோதே யாரோ அவசரமாகக் கூப்பிட்டதால், ஜன்னல் பக்கம் போட்டோமா இல்லையா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. பார்த்தால் வழக்கமான இடத்தில் சிவப்புப் பொட்டு வைத்த பீக்கர் இருக்கிறது. அடியில் வெள்ளையாக இருக்கிறது. கெட்டிலை உயரே பிடித்து டீயை ஊற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு நடந்தது நான் கண்ணால் பார்த்தது. அரசப்பன் வகுப்பிலிருந்து வந்தார். கையில் சாக்கட்டித் தூள் இருந்தது. மாணவர்களிடம், மீதிக் கணக்கை டீ குடித்துவிட்டு வந்து முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். பாதிக் கணக்கு கரும்பலகையில் அப்படியே இருந்ததை நான் பிறகு போய்ப் பார்த்தேன். ஜன்னலருகே பீக்கரை எடுத்தார். வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். முதல் மடக்கிலேயே முகம் மாறியது, ஆனால் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டார். பீக்கரைப் பார்த்தார். அதன் பிறகு அவரால் நிற்க முடியவில்லை. நான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று நான் கூவினேன். தண்ணீர் அறையிலேயே பானையில் இருந்தது, மொண்டு கொடுக்கக் கோப்பைகளும் கையெட்டும் தூரத்தில் தொங்கின. ஒருவரும் கையை நீட்டவில்லை. நான் அவரைத் தரையில் கிடத்திவிட்டு எழுந்து என் கோப்பையில் மொண்டு வந்தேன். தண்ணீர் அந்த விஷத்துக்கு மருந்தில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர்கள் அதை நினைத்து நிற்கவில்லை. தொழிற்சாலை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் சின்னராசு மண்ணில் உட்கார்ந்துகொண்டு அழுதார். நான் கேட்டபோது அவர் சொன்னது இது.

“வெள்ளயா கீது, சக்கர போட்டுட்டோம்னு நெனச்சுக்கினேன் மேடம். கைல எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும், இம்மாஞ் சக்கர போடமாட்டனேன்னு. அத நாம எடுக்கறதில்லியே மேடம்.”

நாம என்று அவர் சொன்னார். அந்த நாமவில் நானும் இருந்தேனா என்று நான் அவரைக் கேட்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதைச் செய்யப் பழக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல்தான் வந்தது, இன்னும் இருக்கிறது.

அன்று மாலையே துறைத்தலைவர் எங்களைக் கூட்டி, ஏற்கெனவே எழுதிய தாளை மேசைமேல் வைத்தார். எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வந்தபோது, எந்தக் குடும்பக் கஷ்டம், யார் சொன்னது என்று கேட்டேன். துறைத்தலைவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து மெதுவான குரலில் பேசினார்.

“செத்தவரு திரும்பி வரப்போறதில்லம்மா. வரதன் சின்னப் பையன். ஊரெல்லாம் கொலகாரன்னு சொல்லும். அவன் கதி இன்னா ஆவும்னு யோசிச்சியா?”

அவர் சொன்னது என்னைத் தைத்தது. வரதன் மூலையில் உட்கார்ந்திருந்தான். ஆனால் ஒருவனைக் காப்பாற்ற, செத்துப்போனவர்மேல் அவர் செய்யாத காரியத்தைச் சுமத்துவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்படிச் சுமத்தினால் வரதன் மட்டுமா தப்புகிறான், பலகையில் கோப்பை தொங்கவிட்டிருக்கிற அத்தனை பேரும் அல்லவா தப்புகிறார்கள். நான் எழுந்து நின்று பதில் சொன்னேன்.

“அவரு சாவணும்னு நெனைக்கல சார். டீ குடிக்கணும்னு நெனச்சாரு. அத எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்.”

அதை அவர்கள் எழுதவில்லை. வரதனை விசாரித்தால், சயனைடைப் பீக்கரில் போட்டுச் சீட்டு ஒட்டாமல் வைத்துவிட்டுப் போனது அவன் தவறு என்று சொல்லுங்கள். அது கவனக்குறைவு. அதற்கு மேல் அவன் தலையில் எதையும் கட்ட வேண்டாம். எங்கள் துறையில் இருந்த எந்தக் கோப்பையில் அவன் அதைப் போட்டிருந்தாலும், எடுத்தவர் கையில் பாரமும் தெரிந்திருக்கும், சின்னராசு கண்ணிலும் பட்டிருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் போலீசார் துறையைப் பார்வையிட வந்தார்கள். அன்று காலை நான் ஆசிரியர்கள் அறைக்குள் நுழைந்தபோது பலகையில் ஒரு புது ஆணி இருந்தது. அதன் தலை பளபளவென்று இருந்தது. அதில் ஒரு புதுக் கோப்பை தொங்கியது. இது யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். காலஞ்சென்ற அரசப்பனுடையது என்று ஜெயராஜ் பதில் சொன்னார், துறைத்தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அந்தக் கோப்பையை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். உள்ளே டீக் கறை ஒரு துளிகூட இல்லை, அடியில் கடையின் விலைச்சீட்டுகூட உரிக்காமல் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொள்ளும்படி கேட்டேன், அவர் எடுத்துக்கொண்டார். அரசப்பன் உயிரோடு இருந்தபோது அடிக்காத ஆணியை அவர் செத்தபிறகு அடித்திருந்தார்கள்.

அரசப்பனின் மனைவி கங்கம்மாளை நான் முதன்முதலாகப் பார்த்தது பிண அறைக்கு வெளியில்தான். பள்ளிப்பட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அதற்குள் அவளை யாரோ வீட்டில் என்ன சண்டை, என்ன சொன்னாய் என்று இரண்டு தடவை விசாரித்துவிட்டார்கள். அவளுடைய மாமியாரே தள்ளிப்போய் உட்கார்ந்திருந்தாள். நான் அவரோடு வேலை செய்தவள் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை, நைனா எப்ப வருவார் என்று குழந்தை வாசலிலேயே நிற்கிறது என்று சொன்னாள். அதன் பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அம்மா, எல்லாருங்கூட ஒண்ணா உக்காந்துகினு தான டீ குடிச்சாரு? தெனமும் அப்படித்தான் குடிக்கறேன்னு சொல்லுவாரு. அவருக்குன்னு பூப்போட்ட கப்பு வச்சிருக்காங்கன்னு சொல்லுவாரு. இந்த டீயையும் அதுல தான குடிச்சாரு?”

நான் ஆமாம் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த தன் தம்பியிடம் திரும்பி, பார்த்தாயா, நான் சொன்னேனே என்றாள்.

இந்த வாக்குமூலம் நாளைக்குக் கோர்ட்டில் படிக்கப்படும், அவளும் கேட்பாள் என்பது எனக்குத் தெரியும். அவள் கேட்டால்தான் தன் புருஷன் தன்னால் சாகவில்லை என்று ஊரார் முன்னால் தலைநிமிர முடியும். ஆனால் கேட்டால், அவர் இத்தனை காலம் அவளிடம் மறைத்ததும் அவளுக்குத் தெரியவரும். தாசில்தார் அவர்கள் இந்தக் கடைசிப் பகுதியை வேண்டுமானால் எடுத்துவிடலாம் என்று இரக்கத்தோடு சொன்னார். நான் வேண்டாம் என்றேன்.

எழுதியதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். நான் பார்த்தது பார்த்தபடியும், பிறர் சொன்னது சொன்னபடியும் இருக்கிறது. யாருடைய தூண்டுதலும் பயமும் இல்லாமல் சொன்னேன். இதில் உள்ளது எல்லாம் உண்மை. பிண அறை வாசலில் கங்கம்மாளிடம் நான் சொன்னது மட்டும் பொய்.

(ஒப்பம்) ர. கனகாம்பாள்

என் முன்பு படித்துக் காட்டி, சரியென ஒப்புக்கொண்டு கையெழுத்திடப்பட்டது.
தாசில்தார், பொன்னேரி